லேர்னிங் ஸ்டைல் பார்த்துக் குழு பிரித்தால் மார்க் ஏறுமா? (3-ம் வகுப்பு)

மூணாம்வகுப்பு | 10 ஜூன் 2024, இரவு 9:12

32 பிள்ளைகள் உள்ள வகுப்பு. 20 கேள்வித் தாள் ஒன்றைக் கொடுத்து, பிள்ளைகளை "பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்" என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பாடக்குறிப்பு எழுத வேண்டுமாம். இதனால் முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

கரும்பலகை | 10 ஜூன், இரவு 10:40

இல்லை.

கரும்பலகை | 11 ஜூன், காலை 6:15

ஒரே சொல்லில் முடித்ததற்குச் சண்டைக்கு வருகிறார்கள். சரி, விரிவாக.

பிள்ளைகளுக்கு விருப்பம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்திக்குப் படம் பிடிக்கும், இன்னொருவனுக்குப் பாட்டு பிடிக்கும். அவரவருக்குப் பிடித்த வழியில் சொல்லிக் கொடுத்தால் அவரவர் அதிகம் கற்பார்களா என்பதுதான் கேள்வி. இரண்டும் வேறு வேறு. பிடித்ததையே போட்டால் உடம்பு தேறும் என்றால் மதிய உணவில் தினமும் முட்டையும் பாயசமும்தான்.

2008-ல் ஹெரால்டு பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இதற்கு என்ன மாதிரியான சான்று வேண்டும் என்று வரையறுத்தார்கள். முதலில் பிள்ளைகளைக் கற்றல் பாணி (லேர்னிங் ஸ்டைல்) வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாணிக்குள்ளும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் படவழி, பாதிப் பேருக்கு ஒலிவழி. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. இப்படிச் செய்து, ஒரு குழுவுக்கு ஒரு வழியும் மற்றக் குழுவுக்கு மற்ற வழியும் மேலாக வந்தால்தான் பாணி வேலை செய்கிறது என்று பொருள்.

புரிவதற்காக நானே போட்ட எண்கள்: படம் விரும்பிகள் படவழியில் 70, ஒலிவழியில் 60. ஒலி விரும்பிகள் படவழியில் 65, ஒலிவழியில் 55. இதைக் காட்டி "பார்த்தீர்களா, படம் விரும்பிகள் படத்தில்தான் நன்றாகச் செய்கிறார்கள்" என்பார்கள். ஆனால் ஒலி விரும்பிகளும் படத்தில்தான் நன்றாகச் செய்திருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்குப் படம் நல்லது, எல்லோருக்கும் நல்லது. அவ்வளவுதான் சேதி. இரண்டாவது வரி 55, 65 என்று புரண்டிருந்தால் பேசலாம்.

அந்த நால்வரும் தேடிப் பார்த்ததில், இந்த முறைப்படி நடந்த ஆய்வுகளே சொற்பம். நடந்தவற்றிலும் பல நேர் எதிராக வந்திருந்தன.

எண்சட்டம் | 11 ஜூன், மதியம் 1:30

தொடக்கப் பள்ளி வயதிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. பெத் ரோகோவ்ஸ்கி குழு, அமெரிக்கா, 5-ம் வகுப்பு, 2020. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து, பத்தியைக் கேட்டுப் புரிதல், படித்துப் புரிதல் இரண்டையும் சோதித்தார்கள். விருப்பத்துக்கும் எந்த வழியில் நன்றாகச் செய்தார்கள் என்பதற்கும் பொருத்தமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், "பார்த்துக் கற்பவர்" என்று வந்த பிள்ளைகள் கேட்டுப் புரிவதிலும் மற்றவர்களை முந்தினார்கள்.

இதில் ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. "இவன் கேட்டுக் கற்பவன்" என்று முடிவு கட்டி வாசிப்பைக் குறைத்தால், எதில் பின்தங்கியிருக்கிறானோ அதிலேயே பயிற்சி குறையும்.

கரும்பலகை | 11 ஜூன், இரவு 8:05

எண்சட்டம் சொன்ன கடைசி வரியை மூணாம்வகுப்பு டீச்சர் இரண்டு முறை படிக்கவும். கேடு முழுக்க அங்கேதான்.

பின்னே ஏன் எல்லோரும் நம்புகிறார்கள்? 2012-ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் கேட்டபோது, பிடித்த பாணியில் சொன்னால் நன்றாகக் கற்பார்கள் என்பதை ஒப்புக்கொண்டவர்கள் 93%, 96%. ஆக நம் ஊர் ஆசிரியர் மட்டும் ஏமாளி இல்லை. பாணி மாதிரிகளும் ஒன்றிரண்டு இல்லை. கல்வி ஆய்வாளர் ஃபிராங்க் காஃபீல்டு குழு 2004-ல் எண்ணியபோது 71. உங்கள் தாள் 71-ல் எதிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரை யாராவது இழுத்து வருவதற்கு முன்: அவர் 1983-ல் சொன்னது பன்முக அறிவு. அது கற்றல் பாணி அல்ல, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று 2013-ல் அவரே எழுதினார்.

எண்சட்டம் | 12 ஜூன், இரவு 9:50

"கற்றல் பாணிக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு" என்ற தலைப்பில் எம்.எட். ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவே, அவை பொய்யா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பொய் இல்லை, ஆனால் அவை கேட்ட கேள்வியே வேறு. ஒரு விருப்பத் தாள், ஒரு மதிப்பெண் பட்டியல், இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண். எந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் கற்பித்தார்கள் என்பதே அதில் கிடையாது.

எண்ணையும் பாருங்கள். 300 பிள்ளைகள், ஒட்டுறவு 0.15 என்றால் "0.01 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது" (தொடர்பே இல்லாதபோது தற்செயலாக இப்படி வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு) என்று தடித்த எழுத்தில் வரும். 0.15-ன் வர்க்கம் 0.0225. மதிப்பெண் வேறுபாட்டில் 2.25% மட்டுமே இதோடு சேர்ந்து அசைகிறது. மீதி 97.75% வேறெங்கோ.

அடுத்த வலை: ஆண்/பெண், தமிழ்/ஆங்கில வழி, ஊரகம்/நகரம், பெற்றோர் படிப்பு, பள்ளி வகை. ஐந்து மாறி, மூன்று பாணி, 15 சோதனை. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் 0.05 மட்டத்தில் ஒன்றாவது "குறிப்பிடத்தக்கது" என்று வர 54% வாய்ப்பு, சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அந்த ஒன்றைத்தான் முடிவுரையில் முதலில் எழுதுவார்கள்.

மூணாம்வகுப்பு | 12 ஜூன், இரவு 10:20

அப்படியென்றால் தாளையே கொடுக்காமல் விட்டுவிடலாமா? மேலே பதில் சொல்ல வேண்டும்.

கரும்பலகை | 13 ஜூன், காலை 6:00

கொடுங்கள். ஆனால் இரண்டு முறை கொடுங்கள், 14 நாள் இடைவெளியில், முதல் விடையைக் காட்டாமல். இரண்டு முறையும் ஒரே குழுவில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்று குழுவிலும் கிட்டத்தட்டச் சம அளவு பேர் இருந்தால், கண்ணை மூடிக் குறித்தாலே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32-க்கு 10, 11 பேர் தற்செயலாகப் பொருந்துவார்கள். உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டு எழுதிக் கொடுங்கள். மேலே சொல்ல இதைவிட நல்ல பதில் கிடையாது.

தாள் கொடுக்கும்போது எங்கே சறுக்கும்:

8 வயதுப் பிள்ளை கேள்வியைத் தானே படித்தால், வாசிக்கத் தடுமாறுகிறவன் எல்லாவற்றுக்கும் முதல் விடையையே வட்டமிடுவான். நீங்கள் வாசித்துக் காட்டினால் கடைசியாகக் காதில் விழுந்ததை வட்டமிடுவான். ஆகவே விடைகளின் வரிசையைக் கேள்விக்குக் கேள்வி மாற்ற வேண்டும். பெரும்பாலான தாளில் அ = படம், ஆ = ஒலி, இ = செயல் என்று ஒரே வரிசைதான். எல்லாவற்றுக்கும் "இ" போட்டவன் "செய்து கற்பவன்" ஆகிவிடுகிறான்.

கேள்விகளே பெரியவர்களுக்கானவை. நீல் ஃபிளெமிங் உருவாக்கிய, பாணி கண்டறியும் வார்க் கேள்வித் தாளில் ஒருவருக்கு வழி சொல்வது, விருந்துக்குச் சமைப்பது எல்லாம் வரும். அதையே மொழிபெயர்த்து மூணாம் வகுப்புக்குக் கொடுத்தால், அடுப்புப் பக்கம் போகாதே என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளை எதைக் குறிக்கும்? அப்புறம், "ஓடி ஆடிக் கற்கப் பிடிக்குமா?" என்று கேட்டால் பிடிக்காது என்று சொல்லும் 8 வயதுக் குழந்தை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

றன்னகரம் | 14 ஜூன், மாலை 5:45

தமிழ்ப் பாடத்தை வைத்தே இதை உடைக்கலாம். "சொல்வதை எழுதுதல்" எடுத்துக்கொள்ளுங்கள்.

ல, ழ, ள: காதால் பிரித்தே ஆக வேண்டும். வலி, வழி, வளி. ஒலி, ஒழி, ஒளி. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னே தொடும். ள-வுக்கு நாக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு வளையும், தொடாது. எத்தனை மின்னட்டை காட்டினாலும் காது பழகாத பிள்ளை எழுதும்போது கோட்டைவிடும். ஆசிரியரே "வாளப்பளம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழித்தால் அது அநியாயம்.

ன, ண: இதுவும் காதுதான். மனம், மணம். பனி, பணி.

ர, ற: தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் தனி ர-வும் தனி ற-வும் ஒரே ஒலி. கரி, கறி. இரை, இறை. காது எத்தனை கூர்மையாக இருந்தாலும் பயனில்லை. கண்ணும் பொருளும்தான். ஆகவே தனிச் சொல்லாகச் சொல்லாதீர்கள், வாக்கியமாகச் சொல்லுங்கள். "அடுப்பில் கரி", "கறி வாங்கினார்". ற்ற, ன்ற வரும் இடங்களில் மட்டும் காது உதவும்.

ந, ன: ஒலி ஒன்றே. இங்கே விதிதான். சொல்லின் முதலில் ந. த-வுக்கு முன் ந். மற்ற இடமெல்லாம் ன.

ஆக ஒரே பிள்ளை, ஒரே பாடவேளை. முதல் ஐந்து சொல்லுக்குக் காது, அடுத்த ஐந்துக்குக் கண், அடுத்ததற்கு விதி. வழியைத் தீர்மானிப்பது எழுத்து, பிள்ளையின் பாணி இல்லை.

கரும்பலகை | 14 ஜூன், இரவு 7:10

இந்த இழை இங்கேயே முடியலாம். ஆனால் ந பற்றிச் சொன்னதில் ஓட்டை: வெந்நீர், செந்நிறம், முந்நூறு. நடுவில் ந், ந இரண்டும் வருகின்றன.

றன்னகரம் | 14 ஜூன், இரவு 7:25

ஒப்புக்கொள்கிறேன். அவை கூட்டுச் சொற்கள், இரண்டாம் பாதி ந-வில் தொடங்குகிறது: நீர், நிறம், நூறு. மூன்றாம் வகுப்புக்கு "பிரித்துப் பார், ந-வில் தொடங்கும் சொல் உள்ளே ஒளிந்திருக்கிறதா?" என்று சொன்னால் போதும். முந்நூறை முன்னூறு என்று பெரியவர்களே எழுதுகிறார்கள்.

எண்சட்டம் | 16 ஜூன், காலை 11:00

கணக்கிலும் அதே கதை. கடன் வாங்கிக் கழித்தல், 42 − 17. பிள்ளைகள் போடும் தவறான விடை பெரும்பாலும் 35. மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறார்கள்: 7-ல் 2 போக 5, 4-ல் 1 போக 3.

குச்சி எடுங்கள். ஜோடிக்கு 10 குச்சிக் கட்டு 4, உதிரி 2. ரப்பர் பேண்டு போட்ட கட்டாக இருப்பது முக்கியம். 7 உதிரி எடுக்கச் சொல்லுங்கள். இல்லை, 2-தான் இருக்கிறது. ஒரு கட்டு அவிழ்க்க வேண்டும். இப்போது 3 கட்டு, 12 உதிரி. 7 எடுத்தால் உதிரி 5, ஒரு கட்டு எடுத்தால் கட்டு 2. விடை 25.

எங்கே கெட்டுப்போகும்: எல்லாக் கட்டையும் அவிழ்த்துப் போட்டு 42 குச்சியிலிருந்து 17-ஐ ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கும் பிள்ளைக்கும் 25-தான் வரும். விடை சரி, இடமதிப்பு பூஜ்யம். "ஒரு கட்டுக்கு மேல் அவிழ்க்கக் கூடாது" என்பது விதி. இரண்டாவது தவறு, குச்சி வேலையை முடித்துவிட்டு அப்புறம் நோட்டில் எழுதுவது. கட்டு அவிழும் அதே நொடியில் 4-ஐ அடித்து 3 என்றும், 2-ஐ 12 என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் குச்சி வேறு, கணக்கு வேறு என்று மண்டையில் பதியும்.

முதல் இரண்டு நாள் குச்சி. மூன்றாம், நான்காம் நாள் நோட்டில் கோடும் புள்ளியும், கோடு பத்து, புள்ளி ஒன்று. ஐந்தாம் நாள் எண் மட்டும். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்ன செயல், படம், குறியீடு என்ற வரிசைதான் இது. 32 பேரும் இதே வழியில்தான் போக வேண்டும். "செய்து கற்பவர்" குழுவைக் குச்சியிலேயே விட்டுவிட்டால் 305 − 178 வரும்போது சிக்கும். நடுவில் 0. நூறு கட்டைப் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒன்றை உதிரியாக்க வேண்டும். நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கடன் கொடுக்கும் பிள்ளைதான் அதிகம். சரி விடை 127.

கரும்பலகை | 16 ஜூன், இரவு 9:30

தனிச்செய்தியில் இன்னொரு வாதம்: "தமிழ்நாட்டு ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) முறையே செய்து கற்பவர்களுக்காக வந்ததுதானே?" இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியின் அட்டை முறைதான் மூலம். அதன் முதுகெலும்பு ஏணிப்படி: எந்தப் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறது என்பது. குழுக்களும் ஆசிரியர் துணை எவ்வளவு வேண்டும் என்பதை வைத்து: ஆசிரியர் உதவியோடு, சக மாணவர் உதவியோடு, தானாக. பாணி பார்த்து யாரையும் எங்கும் உட்கார வைக்கவில்லை.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் நிலை பார்த்துத்தான்.

நிலை பார்த்துப் பிரிப்பதற்குச் சான்று இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் மும்பை, வடோதராவில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்ததை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு குலுக்கல் முறையில் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டது. மதிப்பெண் ஏறியது. 2019 நோபலுக்குப் பின்னால் இந்த வகை வேலையும் உண்டு.

கரும்பலகை | 17 ஜூன், காலை 5:50

டீச்சருக்கு: மூன்று பாடக்குறிப்பு எழுதும் நேரத்தில் நிலை பார்த்துவிடலாம். பிள்ளைகளின் வாசிப்பு நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் கருவி மாதிரி. பிள்ளையைத் தனியாக அழைத்து, 1-ம் வகுப்புத் தரத்தில் நாலு வரிப் பத்தி. சரளமாக, மூன்று பிழைக்கு மேல் போகாமல் படித்தால் 2-ம் வகுப்புத் தரக் கதை. தடுமாறினால் சொற்கள்: ஏதாவது 5 படிக்கச் சொல்லுங்கள், 4 சரியென்றால் "சொல் நிலை". இல்லையென்றால் எழுத்து, அதிலும் 5-க்கு 4. ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம், 32 பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு நாளில் முடியும்.

பாடப்புத்தகப் பத்தியை வைக்காதீர்கள். மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். விரலால் வரியைத் தொடாமல் மேலே பார்த்தபடி "படிக்கும்" பிள்ளையைப் பார்த்தால் பத்தியை மாற்றுங்கள்.

கரும்பலகை | 17 ஜூன், மதியம் 12:40

நேற்று எழுதியதில் ஒரு குறை. நிலைக் குழுவும் முத்திரையாகிவிடும். ஜூனில் "அரும்பு" என்று உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அதே பாயில் இருந்தால் அதுவும் பாணி முத்திரை மாதிரிதான், பூவின் பெயரில். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி 3 நிமிடச் சோதனை, ஆள் மாற்றம்.

றன்னகரம் | 18 ஜூன், இரவு 8:15

யாரும் சொல்லாத ஒன்று: கண்ணும் காதும். "இவன் கேட்டுக் கற்பவன், போர்டையே பார்ப்பதில்லை" என்றால் முதலில் பார்வை. 6 மீட்டர் தூரத்தில் பார்வைப் பலகை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, விரல் இடுக்கில் எட்டிப் பார்க்காமல். "இவள் பார்த்துக் கற்பவள், சொன்னால் ஏறாது" என்றால் காது. சளி பிடித்த பின் நடுக்காதில் நீர் தேங்கிச் சில வாரம் மந்தமாகக் கேட்பது சின்னப் பிள்ளைகளிடம் சாதாரணம். பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று இரண்டு எண்களைக் கிசுகிசுங்கள், திருப்பிச் சொல்கிறதா பாருங்கள். ஐயம் வந்தால் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் பெயரைக் கொடுங்கள்.

எண்சட்டம் | 18 ஜூன், இரவு 9:05

காஃபீல்டின் 71 பாணிகளோடு என் பட்டியலில் "செல்போன் வழிக் கற்பவர்" என்றும் ஒன்று இருக்கிறது, பெற்றோர் கூட்டத்தில் கிடைத்த 72-வது மாதிரி.

மூணாம்வகுப்பு | 19 ஜூன், இரவு 9:40

நிலை பார்த்தாயிற்று. மீதி நேரத்தில் எதைச் செய்தால் உண்மையிலேயே மதிப்பெண் கூடும்? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

கரும்பலகை | 20 ஜூன், காலை 6:05

நினைவிலிருந்து எடுக்க வைப்பது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வு: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் செய்தார்கள், ஒரு வாரம் கழித்துச் சரிந்து 40% நினைவில். ஒரு முறை படித்து மூன்று முறை தானே நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 61%. அவர்கள் கல்லூரி மாணவர்கள், அந்த எண் மூணாம் வகுப்பில் அப்படியே வராது. ஆனால் திசை அதுதான்.

வகுப்பில்: பாடவேளையின் முதல் 5 நிமிடம், புத்தகம் மூடியிருக்க, சிலேட்டில் 3 கேள்வி. ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தையது. எல்லோரும் எழுதி, சிலேட்டை நெஞ்சோடு கவிழ்த்து, மூன்று எண்ணியதும் தூக்க வேண்டும். கவிழ்க்காவிட்டால் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை எழுதும். கைதூக்கியவனை மட்டும் கேட்டால் 32-ல் 5 பேர்தான் கற்கிறார்கள். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் காப்பி தொடங்கும். தவறு வந்தால் உடனே சரி விடையைச் சொல்லிவிடுங்கள். விட்டால் தவறே பதியும்.

எண்சட்டம் | 20 ஜூன், மதியம் 1:10

ஒட்டு: கணக்கில் கலந்து கொடுங்கள். 10 கழித்தல் வரிசையாகக் கொடுத்தால் மூன்றாவதிலிருந்து பிள்ளை யோசிப்பதில்லை, கை மட்டும் ஓடும். கூட்டல் 3, கடன் வாங்காத கழித்தல் 3, கடன் வாங்கும் கழித்தல் 4, முறை மாற்றி. முதல் வாரம் தவறு கூடும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

மூணாம்வகுப்பு | 2 ஜூலை, இரவு 9:00

தாளை இரண்டாம் முறை கொடுத்தேன். 32-ல் 14 பேர் அதே குழு. பதிவேட்டில் "கற்றல் பாணி" என்று ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக விட முடியாது. என்ன எழுதுவது?

கரும்பலகை | 2 ஜூலை, இரவு 9:35

14 என்பதைத் தற்செயல் 11-க்குப் பக்கத்தில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தக் கட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இப்படி: "ல/ள சொல்வதை எழுதுதல் 10-க்கு 4. பத்தி வாசிப்பு 5 பிழை. 42 − 17-க்கு 35 போடுகிறாள், குச்சி நாள் 2." கட்டத்தின் அகலம் போதாது, அடுத்த கட்டத்திலும் சேர்த்து எழுதுங்கள்.